காலி லாரியின் புகை

சென்னை
14 மே 2025

வாப்பாவுக்கு,

சலாம். ஸ்பீட் போஸ்டைப் பார்த்ததும் உம்மா பயந்துவிடுவார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் போனை நான் எடுக்காமல் இருப்பதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. செங்கோட்டை ரோட்டில் நீங்கள் வைத்த ஃப்ளெக்ஸ் போர்டை ஒருவர் படம் எடுத்து, புகார் மனுவோடு எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். போர்டில் என் முகம். மேலே ‘கார்பனை ஒழித்த காரிகையே’ என்று எழுதியிருக்கிறது. கீழே ‘வாழ்த்துவோர்: சாரல் பேவர் பிளாக்ஸ், உரிமையாளர் கிதிர் முகம்மது.’

குற்றாலம் நடைபாதைக்குக் கல் பதிக்கும் டெண்டரில் முதல் தடவையாக விலையோடு புகையையும் சேர்த்துப் பார்க்கப்போகிறோம். கல் செய்யவும் கொண்டுவரவும் எவ்வளவு கார்பன் வெளியேறுகிறது என்று ஒவ்வொருவரும் கணக்குக் காட்ட வேண்டும். குறைவாக வெளியேற்றுகிறவர் விலை சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் அவருக்குத்தான் முன்னுரிமை. அரசாங்கம் வாங்குகிற சிமெண்டும் கம்பியும் கொஞ்சநஞ்சமல்ல. வாங்குகிற கை மாறினால் செய்கிற கையும் மாறும் என்ற நம்பிக்கையில் எழுதிய ஷரத்து அது. எழுதிய நாலு பேரில் நான் ஒருத்தி.

அந்த டெண்டரில் நீங்களும் இருக்கிறீர்கள் என்பதே புகாரைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். என்னை அந்த ஃபைலிலிருந்து விலக்கிவைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை நாம் போனில் பேசக்கூடாது. எழுதலாம். ஆனால் எழுதுவதையெல்லாம் விசாரிக்கும் சுகந்தி மேடம் கேட்டால் நான் காட்ட வேண்டும். அதை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஒரே ஒரு கேள்வி. ஷரத்தை எழுதியது நான் என்று தெரிந்துதான் டெண்டர் போட்டீர்களா?

ஹம்னா


செங்கோட்டை
18 மே 2025

மகள் ஹம்னாவுக்கும், இதை வாசிக்கப்போகிற சுகந்தி மேடம் அவர்களுக்கும் கிதிர் முகம்மது எழுதிக்கொள்வது.

மேடம், என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்பு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம்.

ஹம்னா, உன் கேள்விக்குப் பதில்: தெரியாது. டெண்டர் போட்டு முடித்த பிறகுதான் உன் உம்மா சொன்னாள். சொன்ன அன்று சாயங்காலமே ரவியின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்விட்டேன். யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்திருந்தால் இவ்வளவு நாசம் ஆகியிருக்காது.

இந்த ஊரில் காது குத்துக்குப் போர்டு வைக்கிறார்கள். ஜாமீனில் வந்தவனுக்குப் போர்டு வைக்கிறார்கள். கறவை மாட்டுக்குப் பரிசு கிடைத்தாலும் மாட்டோடு நின்று போர்டு வைக்கிறார்கள். எனக்கு மட்டும் போர்டு வைக்கிற மாதிரி ஒரு விசேஷம் வாய்த்ததே இல்லை. உன் கல்யாணத்துக்கு வைக்கலாம் என்றிருந்தேன், நீ அதைத் தள்ளிக்கொண்டே போகிறாய். (மேடம், இந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

எழுத்தெல்லாம் ரவி வேலை. “காரிகைன்னா என்னலே?” என்று கேட்டேன். “பொம்பளப் பிள்ளதான் அண்ணாச்சி, கார்பனுக்குத் தோதா நிக்கும்” என்றான். பிறகு, “கீழ வாழ்த்துவோர்னு யாராச்சும் வேணும்லா. இல்லாட்டி போர்டு அநாதையால்லா நிக்கும்” என்றான்.

“எம் பேரப் போடு.”

“வெறும் பேரு போட்டா எந்தக் கிதிருன்னு கேப்பான். கம்பெனி பேரையும் போட்டுருவோம்.”

“போடுலே” என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் உன்னை ஃபைலிலிருந்து தூக்கியது.

உன் கடிதம் வந்த அன்றைக்கே போர்டை இறக்கிவிட்டேன். கிழித்துப்போடப் போனேன். “பிள்ள மூஞ்சியக் கிழிக்காதீக” என்று உன் உம்மா பிடுங்கிக்கொண்டாள். இப்போது யார்டில் சிமெண்டு மூட்டைகளுக்கு மேலே விரித்திருக்கிறது. மழை வந்தால் நீதான் நனைவாய்.

டெண்டரை ஏன் போட்டேன் என்றால், அந்த ஷரத்தைப் படித்தபோது நம்ம யார்டுக்காகவே எழுதினது போல் இருந்தது. நாம் சிமெண்டைக் குறைத்து, தூத்துக்குடி அனல்மின் சாம்பலைக் கலந்து கல் போடுகிறோம். அந்தச் சாம்பலும் இத்ரீஸ் லாரியில் வருகிறது. அவன் தூத்துக்குடியில் மணல் இறக்கிவிட்டு எப்படியும் காலியாகத் திரும்புகிறவன். எப்படியும் வரப்போகிற லாரிக்கு எனக்கு என்ன புகை? ‘சாம்பல் போக்குவரத்து: பூஜ்யம்’ என்று எழுதினேன். பூஜ்யம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம்.

நான் என்ன செய்ய வேண்டும், சொல்.

வாப்பா


சென்னை
23 மே 2025

வாப்பாவுக்கு,

என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லக்கூடாது. டெண்டரில் இருக்கிற ஒருவரிடம் அலுவலகத்தில் இருக்கிற ஒருத்தி எதைக் கேட்டாலும் அது இன்னொரு புகார். அதனால் இங்கே நடப்பதை மட்டும் எழுதுகிறேன். இதெல்லாம் கூட்டக் குறிப்பில் ஏற்கெனவே இருப்பதுதான், ரகசியம் இல்லை.

ஷரத்தை எழுதியவரின் தகப்பனாரே போட்டியில் இருக்கும்வரை இந்த டெண்டர் செல்லாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படியே இருந்தால், ஷரத்தை எடுத்துவிட்டு, யார் குறைந்த விலையோ அவருக்கே என்று பழையபடி மறு டெண்டர் விடுவார்கள். உறவுச் சிக்கல் இல்லாமல் போனால் ஷரத்து பிழைக்கலாம். பிழைக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள், பிழைக்கும் என்று சொல்லவில்லை.

குற்றாலத்தில் இது விழுந்தால் வேறு எந்த ஊரிலும் எழுந்திருக்காது. அடுத்த தடவை யாராவது எடுத்தால், “முன்னால ஒரு தடவை வச்சீங்களே, என்னாச்சு?” என்று ஒரு கேள்வி போதும். மூன்று வருடமாக எத்தனை கூட்டம், எத்தனை ஆறிப்போன டீ. சிமெண்டு கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களே சிரித்தார்கள். அவர்களையெல்லாம் தாண்டிக் கொண்டுவந்தது நம் ஊர்ப் போர்டு ஒன்றில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

உங்கள் பூஜ்யத்தைப் பற்றியும் நான் பேசக்கூடாது. அது சரி என்றும் சொல்ல மாட்டேன், தப்பு என்றும் சொல்ல மாட்டேன். என் கடிதத்துக்குப் பதிலில் அதை எழுதாமலே இருந்திருக்கலாம்.

உம்மாவுக்குச் சலாம்.

ஹம்னா


செங்கோட்டை
29 மே 2025

ஹம்னாவுக்கு,

மேடம் அவர்களுக்கு மறுபடியும் வணக்கம். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். டீ வாங்கிவைத்துக்கொண்டு வாசியுங்கள்.

புகார் போட்டது ஜெபசிங். மேடத்துக்காகச் சொல்கிறேன், அவரும் என்னைப் போலக் கல் போடுகிறவர். யார்டு பாவூர்சத்திரம் பக்கம். எந்த டெண்டரிலும் நான் ஒரு ஓரம், அவர் ஒரு ஓரம். புளியறையில் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். கேட்கும் முன்னால் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“ஆமா பாய், நாந்தான் போட்டேன். ஒளிஞ்சா போட்டேன்? பேரு, வெலாசம் எல்லாம் எழுதித்தான் போட்டுருக்கேன்.”

“எம் பிள்ள வேல போயிரும்யா.”

“வேல எங்க போவுது? அந்த ஷரத்துதான் போவும். போனா யாருக்கு நட்டம்? பழையபடி நீரு ஒரு வெலையப் போடும், நான் ஒரு வெலையப் போடுதேன், அடிச்சுக்கிடுவோம். இந்தப் புகைக்கணக்கு எழுத நான் ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்க வேண்டியிருக்கு.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இரும். அது போதும்.”

“சும்மா இருக்கது எனக்கு நல்லா வரும்னு உமக்கு யாரு சொன்னா?”

“உம்ம வீட்டுக்காரியும் எம் வீட்டுக்காரியும் போன்ல பேசுவாகள்லா” என்றார்.

காசும் அவரே கொடுத்துவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஷரத்து தானாகவே சாகும், மறு டெண்டர் வரும், விலையில் நான் அவரை ஜெயித்தாலும் ஜெயிப்பேன். யார்டில் இருக்கிறவர்களுக்குச் சாரல் காலத்தில் வேறு வேலை கிடையாது. மிஷின் ஓட்டுகிற சங்கரநாராயணன் தினமும் வந்து, “அண்ணாச்சி, ஆர்டர் வந்துருமா?” என்று கேட்கிறான். வரும் என்கிறேன். என்ன தைரியத்தில் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கடையைவிட்டு வெளியே வந்தால், செக்போஸ்ட் வரிசையில் இத்ரீஸ் லாரி. ஜெபசிங் மேல் இருந்த எரிச்சலில், “உன் லாரியத்தாம்லே நம்பி இருக்கேன். தூத்துக்குடிலேருந்து காலியாத்தான வருத, அதுக்கு மேல ஒரு பய என்ன புகைய ஏத்த முடியும்?” என்றேன்.

“தூத்துக்குடில எறக்குன காலம்லாம் போச்சு மாமா. இப்பம் மணல திருநவேலிலயே எறக்கிருதேன். அங்கன இருந்து தூத்துக்குடிக்கு வெறும் வண்டிய ஓட்டுதது உங்க சாம்பலுக்குத்தான்.”

“எப்பலேருந்துலே?”

“போன வருசம் நோம்புக்கு முன்னயே. வாடக கூட்டி வாங்குதேன்லா. ஏம், தெரியாதா?”

“டீசல் வெல ஏறிட்டுன்னுல்லா நெனச்சேன்.”

அவன் சிரித்துவிட்டு வண்டியை நகர்த்தினான். நான் ரோட்டில் நின்றேன். போகும்போது வெறும் வண்டி, வரும்போது சாம்பல் வண்டி. இரண்டும் என்னுடைய புகை. ஒரு வருடமாக என் காசில் ஓடுகிற லாரியை நான் அவன் லாரி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று அந்தப் பூஜ்யத்தை எழுதவில்லை, ஹம்னா. விசாரிக்காமல் எழுதினேன். டெண்டர்க் காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம் சொன்னேன். “அவ வாயத் தெறக்க முடியாம நிக்கா. நீங்க என்னன்னா அவ சொல்லட்டும்னு உக்காந்திருக்கீக” என்றாள். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கையில் கத்தி இருக்கும்போது நான் மேலே பேசுவதில்லை.

முடிவு எதுவும் எடுக்கவில்லை. எடுத்தால் உன்னிடம் சொல்லலாமா என்றும் தெரியவில்லை. மேடம், சொல்லலாமா?

வாப்பா


சென்னை
3 ஜூன் 2025

வாப்பாவுக்கு,

சுகந்தி மேடம் உங்கள் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்தார். கல்யாணப் பேச்சு வந்த இடத்தில் தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். உங்கள் கேள்விக்கு அவர் சொன்ன பதில்: “எதுவானாலும் டெண்டர் அலுவலகத்துக்கு எழுதட்டும். மகளுக்கு எழுத வேண்டாம்.”

இனி எழுதுவது டெண்டர் பற்றியது அல்ல.

போர்டில் என் முகம் கதவு அளவுக்கு இருந்தது. என் வேலை ஒரு வார்த்தை, அதுவும் தப்பு. கார்பனை யாராலும் ஒழிக்க முடியாது, வாப்பா. இந்த நடைபாதையில் கொஞ்சம், அடுத்த பள்ளிக்கூடக் கட்டடத்தில் கொஞ்சம் என்று குறைக்கத்தான் முடியும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்படி ஒரு வேலையைத்தான் நான் செய்கிறேன். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, “என்ன வேலம்மா அது?” என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் டெண்டர் போட்டதும் தெரியவந்திருக்கும், போர்டும் வந்திருக்காது. நீங்கள் என்னைக் கேட்கவில்லை, ஊருக்குச் சொன்னீர்கள்.

அலுத்துவிட்டது. நேற்று ஒரு கூட்டத்தில், “ஷரத்தை எடுத்துட்டா எல்லாம் சுமுகமா முடியும், உங்க மேலயும் எதுவும் வராது, என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்கள். ‘எடுத்துவிடுங்கள்’ என்று வாய்வரை வந்துவிட்டது. தண்ணீர் குடித்தேன். பதில் சொல்ல வெள்ளிக்கிழமைவரை நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஹம்னா


செங்கோட்டை
9 ஜூன் 2025

ஹம்னாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. டெண்டர் அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுதி, தென்காசிக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை வாங்கிவிட்டேன். அது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் உனக்கு எழுதுகிறேன், மேடம் சொன்னபடி.

டைப் அடித்தது ஜெராக்ஸ் கடை ரூபி. ‘போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன்’ என்று அடித்ததும் பேப்பரை உருவப் போனாள்.

“இன்னும் இருக்கும்மா. நான் கொடுத்த போக்குவரத்துக் கணக்கு தப்பு, லாரி எனக்காகவே காலியாகப் போய்ச் சாம்பல் ஏற்றி வருகிறதுன்னு அடி.”

“வெலகியாச்சுல்லா மாமா? பெறகு எதுக்கு நாமளே போயி தப்புன்னு சொல்லணும்? அடுத்த டெண்டர்ல சேக்க மாட்டாவ.”

“சேக்காண்டாம். நீ அடி.”

அவள் சொன்னதை நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் சும்மா விலகினால், மகளுக்காக விலகினான், பாவம் நல்ல மனுசன் என்று பேர் வரும். என் பூஜ்யம் அப்படியே நல்ல பூஜ்யமாக நிற்கும். அடுத்த வருடம் வேறொருவன் அதைப் பார்த்து எழுதுவான். உன் ஷரத்தில் ஓட்டை எங்கே என்று நாலு வருடம் கழித்து ஒரு ஜெபசிங் கண்டுபிடித்துச் சொல்வதற்குப் பதிலாக, விழுந்தவனே சொல்லிவிடுவது நல்லது.

சங்கரநாராயணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். “செரி அண்ணாச்சி, ஐந்தருவியில மச்சான் பஜ்ஜிக் கடை போடுதான், சீசன் முடியுதவரைக்கும் அங்கன நிக்கேன்” என்றான். யார்டில் இருந்த மற்ற இருவரும் புனலூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். பஸ் ஏற்றிவிடப் போனேன். ‘ஏன்’ என்று ஒருவனும் கேட்கவில்லை. ஒருவனாவது திட்டியிருக்கலாம்.

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்டால் எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று பயம். புரியவில்லை என்பது உனக்குத் தெரிந்துவிடுமோ என்று அதைவிடப் பயம். போர்டு என்றால் புரிய வேண்டியதில்லை, வைத்தால் போதும்.

வெள்ளிக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று கேட்க மாட்டேன்.

வாப்பா


சென்னை
21 ஜூலை 2025

வாப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் கடிதத்தின் நகல் மெயிலில் எனக்கு முன்பே மேசைக்கு வந்திருந்தது. சுகந்தி மேடம் அதைச் சத்தமாகவே வாசித்தார். லாரி வரி வந்தபோது சிரித்த ஒருவர், வாசித்து முடித்ததும், “இப்ப இதை எடுத்தா நாம எதுக்குப் பயந்து எடுத்தோம்னு கேப்பாங்க” என்றார்.

ஷரத்து பிழைத்துவிட்டது. வெற்று வண்டி ஓடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி கூடியிருக்கிறது. எல்லோரிடமும் போக்குவரத்துக் கணக்கைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்கள். ஆர்டர் ஜெபசிங் அண்ணாச்சிக்குப் போயிருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இப்போது எழுதக் கஷ்டமானது. என்னைத் திரும்ப ஷரத்து வேலையில் சேர்க்க ஒரு உறுதிமொழி கேட்டார்கள். இந்த ஷரத்து இருக்கிற எந்த டெண்டரிலும், எந்த ஊரிலும், என் குடும்பத்தார் பங்கெடுக்க மாட்டார்கள் என்று. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இல்லாவிட்டால் வேறு பிரிவுக்கு மாற்றல். உங்களைக் கேட்டுவிட்டுப் போட நேரம் இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் ‘போடு’ என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அந்தச் சம்மதத்தை வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

ஷரத்து இனி ஒவ்வொரு ஊராகப் போகும். அது போகிற ஊரிலெல்லாம் உங்களுக்கு அரசாங்க வேலை கிடையாது. இதற்காகத்தான் நான் வேலை செய்கிறேன் என்று நினைத்தால் தூக்கம் கெடுகிறது.

விசாரணை முடிந்துவிட்டது. போனில் பேசலாம். நானே கூப்பிட்டிருப்பேன், இதைக் குரலில் சொல்ல வரவில்லை.

ஹம்னா


செங்கோட்டை
2 ஆகஸ்ட் 2025

ஹம்னாவுக்கு,

நேற்று உன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். சங்கரநாராயணன் கொடுத்த பஜ்ஜி வேகவில்லை. மிஷினைவிட்டால் அவனுக்கு வேறு எதுவும் வராது. ரோட்டோரம் ஜெபசிங் கல் பதித்துக்கொண்டிருந்தார். சாரலுக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றவர், என்னைப் பார்த்ததும், “பாய், உம்ம மக என்னயச் சிமெண்டையே தொட விடமாட்டேங்கா. சாம்பலுக்கு நானும் தூத்துக்குடிக்கு அலையுதேன்” என்றார். குதிகாலால் இரண்டு கல்லைத் தட்டிப் பார்த்தேன். நல்லாத்தான் போட்டிருக்கிறார். நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

உன் கையெழுத்து விஷயம். கோபம் வரவில்லை என்று எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. வந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்படிப் போடலாம் அவ?” என்று உன் உம்மாவிடம் கத்தினேன். அவள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடியட்டும் என்று நின்றேன். முடியவில்லை. வெளியே போய்விட்டேன்.

எனக்கு இப்போது தனியார் வேலைதான். கடையநல்லூரில் துபாயிலிருந்து வந்த ஒருவர் வீட்டு முன்வாசலுக்குக் கல் கேட்டிருக்கிறார். கருப்பும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக வேண்டுமாம். அவர் புகைக்கணக்கு கேட்கவில்லை. இருந்தாலும் இத்ரீஸிடம் சொல்லி, மணலைத் திருநெல்வேலியில் இறக்கினால் அங்கே கிடைக்கிற சாம்பலையே எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் மட்டமான சாம்பல், சலிக்க வேண்டும். சலிக்க ஆள் நான் சும்மாத்தானே இருக்கிறேன்.

ஒரு மாதம் முன்னால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ் போர்டில் பார்க்கிற ஊரெல்லாம் என் ஊர் என்று இருந்தேன். எந்த டெண்டர் எப்போது வரும் என்று வாய்ப்பாடாகச் சொல்வேன். இப்போது பேப்பரை விரித்தால், புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் தரை வேலைக்கு உன் ஷரத்து வந்திருக்கிறது. சரி, புளியங்குடி போயிற்று என்று பேப்பரை மடித்து வைத்தேன். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டீக்கடையில் அதே பேப்பரை மறுபடியும் ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன், அது வருத்தத்தில் இல்லை.

தூக்கம் கெடுகிறது என்று எழுதியிருந்தாய். என்னால் கெட வேண்டாம். அடுத்து கடையநல்லூரா, சங்கரன்கோவிலா என்று என்னிடம் சொல்லாதே, நானும் கேட்க மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு இருக்கிறது, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன். என்ன வேலை அது என்று முதலிலிருந்து சொல். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

நீ ஊர் ஊராக வா. நீ வருவதற்கு முன்னால் நான் சாமானை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன்.

வாப்பா